கொழும்பிலிருந்து சர்வீஸ் ரைபிள் போட்டிக்கு: பத்து மீற்றரில் தொடங்கும் வழி

அமெரிக்காவின் கேம்ப் பெரியில் நடக்கும் சர்வீஸ் ரைபிள் போட்டிகளை யூடியூப்பில் பார்த்துவிட்டு, "இதை இங்கே எங்கே பழகலாம்?" என்று கேட்பவர்கள் கொழும்பிலும் இருக்கிறார்கள். சுருக்கமான பதில் இது: வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ குடியிருக்கும் ஒரு சாதாரண ஆள் சர்வீஸ் ரைபிளை, அதாவது படைத் துவக்கை, வாங்கவும் முடியாது, வாடகைக்கு எடுத்துச் சுடவும் முடியாது. அந்தத் துவக்கு சீருடை போட்டவர்களுக்கு மட்டும்தான். ஆனால் அந்தப் போட்டியில் புள்ளி வாங்கித் தருகிற திறமையில் பெரும்பகுதியைப் பத்து மீற்றர் எயார் ரைபிளில் (காற்றழுத்தத்தால் சின்ன ஈயக் குண்டைச் சுடும் துவக்கு, இலக்கு பத்து மீற்றரில்) கற்றுக்கொள்ளலாம். அதைக் கொழும்பில் சட்டப்படியே செய்யலாம். இந்த வழிகாட்டி அந்தப் பாதையில்தான் போகிறது.

சர்வீஸ் ரைபிள் போட்டி என்றால் என்ன

படையினர் பாவிக்கிற, அல்லது ஒரு காலத்தில் பாவித்த துவக்கைப் பெரிதாக மாற்றாமல், எதன் மீதும் சாத்தி வைக்காமல், உடம்பாலும் வாராலும் (துவக்கோடு பூட்டிய பட்டி) மட்டுமே தாங்கிச் சுடுவதுதான் இது. பிரித்தானியாவில் இதன் வேர் 1860இல் இருக்கிறது. தேசிய ரைபிள் சங்கத்தின் முதல் போட்டியை விக்டோரியா மகாராணி விம்பிள்டன் வெளியில் தொடங்கிவைத்தார். தாங்கியில் இறுக்கிப் பூட்டிய விட்வர்த் ரைபிளின் விசையில் ஒரு கயிறு கட்டியிருந்தது. 400 யார் தூர இலக்கை நோக்கி அவர் அதை இழுத்தார், அவ்வளவுதான். தாங்கியில் வைத்துச் சுடுவது இன்றைக்கு ஒரு சர்வீஸ் ரைபிள் போட்டியில் செல்லாது. 1890இல் போட்டிகள் பிஸ்லிக்கு இடம் மாறின. இப்போதும் அங்கேதான் நடக்கின்றன.

அமெரிக்காவின் தேசியப் போட்டிகள் 1903இல் தொடங்கி, 1907 முதல் ஒஹாயோ மாநிலத்தின் கேம்ப் பெரிக்குப் போயின. யூடியூப்பில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் அதுதான். அங்கே ஐம்பது தோட்டாச் சுற்று இப்படிப் போகும்: 200 யாரில் நின்றபடி 10 தோட்டா, 10 நிமிடத்தில். அதே தூரத்தில் உட்கார்ந்தோ மண்டியிட்டோ 10 தோட்டா, 60 செக்கனில். 300 யாரில் படுத்து 10 தோட்டா, 70 செக்கனில். கடைசியாக 600 யாரில் படுத்து 20 தோட்டா, 20 நிமிடத்தில். மொத்தம் 500 புள்ளி. கராண்ட், எம்-14, எம்-16 குடும்பத் துவக்குகள் களத்தில் இருக்கும். 2016 முதல் 4.5 மடங்கு வரை பெரிதாக்கும் தொலைநோக்கிக்கும் அனுமதி உண்டு. பழைய கைகள் இன்னும் இரும்புச் சைட்டைத்தான் (துவக்கின் மேலேயே இருக்கும், கண்ணாடி வில்லை இல்லாத குறி பார்க்கும் அமைப்பு) விரும்புகிறார்கள். ஆரம்பக்காரரும் அதில் தொடங்குவதுதான் நல்லது என்பது என் கருத்து. தொலைநோக்கி உங்கள் நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டுமே தவிரக் குறைக்காது.

இலங்கையில் படைத் துவக்குகளின் வரிசை .303 லீ என்ஃபீல்டில் தொடங்கி, எஸ்எல்ஆர் துவக்கு வழியாக, இன்றைய ரி-56க்கு வந்து நிற்கிறது. இராணுவம், கடற்படை, விமானப்படை தங்களுக்குள் சுடுதல் போட்டி வைக்கின்றன. பொதுமக்கள் அதில் பெயர் கொடுக்க முடியாது.

சட்டத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம்தான் இங்கே அடிப்படை. பிறகு பல தடவை திருத்தியிருக்கிறார்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது குற்றம். ரி-56 போன்ற தானியங்கித் துவக்கு கையில் அகப்பட்டால் ஆயுள் தண்டனை வரை போகும். "ஆருக்கும் தெரியாமல் ஒருதரம் சுட்டுப் பார்க்கலாம் வா" என்று யாராவது கூப்பிட்டால், அந்த ஆளோடு பேச்சை அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எயார் ரைபிளையும் விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிட வேண்டாம். கனடாவிலிருந்து வரும் மச்சானிடம் "பெட்டிக்குள் போட்டுக் கொண்டு வா" என்று சொல்கிற பொருள் இல்லை இது. கட்டுநாயக்கவில் சுங்கம் பிடித்தால் அவருடைய விடுமுறையும் உங்கள் பெயரும் ஒன்றாகக் கெடும். சொந்தத் துவக்கு என்ற பேச்சே முதல் வருடம் வேண்டாம். சுடுதல் கழகத்தின் துவக்கில் பழகுங்கள். வாங்கும் காலம் வரும்போது அனுமதி, இறக்குமதி எல்லாவற்றையும் கழகம் வழியாகவும் தேசிய சுடுதல் சம்மேளனம் வழியாகவும் மட்டும் செய்யுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கொழும்புத் தமிழ் வீடுகளில் துவக்கு என்ற சொல்லுக்கே ஒரு கனம் இருக்கிறது. சோதனைச் சாவடிகளையும் நள்ளிரவுத் தேடுதல்களையும் பார்த்த தலைமுறை இன்னும் வீட்டில் இருக்கிறது. அம்மா பயப்பட்டால் அதைப் பழைய காலத்துப் பயம் என்று தள்ளிவிடாதீர்கள். முதல் நாள் அவரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். கழக அட்டையின் பிரதி ஒன்றை வீட்டில் வையுங்கள். துவக்கோடு எடுத்த படத்தை ஃபேஸ்புக்கில் போடாதீர்கள், வட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வேண்டாம். படம் போட ஆசையாக இருந்தால் துளை விழுந்த இலக்குத் தாளைப் போடுங்கள், அதில் பெருமையும் கூட.

எந்தக் கதவைத் தட்டுவது

பாடசாலையில் படிப்பவர்களுக்கு எளிய கதவு மாணவர் படையணி, அதாவது கடேட். இங்கே அதன் தொடக்கம் 1881இல், கொழும்பு றோயல் கல்லூரியில். கடேட் பிளட்டூன்களின் போட்டிகளில் சுடுதலும் ஒரு பகுதி. உங்கள் பாடசாலையில் கடேட் இருந்தால் சேருங்கள். எயார் ரைபிள் அணி இருந்தால் அதிலும் சேருங்கள். இரண்டுக்கும் நேரம் போதாது என்றால், சுடத்தான் ஆசை என்றால், எயார் ரைபிளை எடுங்கள். கடேட்டில் அணிநடையும் முகாமும்தான் நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

படிப்பு முடிந்தவர்கள் தேசிய சுடுதல் விளையாட்டுச் சம்மேளனத்தை விசாரிக்க வேண்டும். தொடர்பு தெரியாவிட்டால் கொழும்பு 7, பிலிப் குணவர்தன மாவத்தையில் இருக்கும் விளையாட்டுத்துறை அமைச்சில் கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "புதிய ஆட்களைச் சேர்த்து, கழகத் துவக்கில் பழக்கும் கழகம் எது?" எல்லாக் கழகமும் அப்படி இல்லை. சில இடங்களில் அங்கத்தவர்கள் சொந்தத் துவக்கோடுதான் வருவார்கள். அங்கே போய்ப் புதிதாக ஒருவர் நின்றால் வேடிக்கைதான் பார்க்கலாம்.

அடையாள அட்டை, கிராம சேவகர் சான்று, பொலிஸ் நற்சான்று போன்றவற்றைக் கேட்கக்கூடும். எல்லாவற்றையும் ஒரு கோப்பில் பிரதியோடு வைத்துக்கொள்ளுங்கள். சுடுதளங்கள் பலவும் படை முகாம்களுக்குள் இருக்கின்றன. வெலிசறைக் கடற்படைத் தளம் ஓர் உதாரணம். அங்கே உங்கள் பெயர் முன்கூட்டியே வாசலில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பயிற்றுநர் உள்ளே இருந்தாலும் நீங்கள் வெளியேதான். பயிற்சி பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கும், கட்டளைகள் ஆங்கிலத்தில் வரும். சிங்களம் சுமாராக இருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. நிலை, மூச்சு, விசை எல்லாம் உடம்பைத் தொட்டுக் காட்டித்தான் சொல்லித்தருவார்கள்.

சீருடைக் கதவும் இருக்கிறது. இராணுவத்தின் தொண்டர் படைக்கும் முப்படைகளுக்கும் ஆள் எடுக்கும் அறிவித்தல்கள் வரும். எயார் ரைபிளில் பெயர் வாங்கியவருக்கு அந்தக் கதவு கொஞ்சம் அகலமாகத் திறக்கும். ரோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் பத்து மீற்றர் எயார் ரைபிளில் இலங்கைக்காகச் சுட்ட தெஹானி எகொடவெல இராணுவ வீராங்கனை. அதே போட்டியில் இந்தியாவுக்காகச் சுட்டவர் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன். துவக்கு நமக்குச் சரிவராது என்று சொல்லும் மாமாவிடம் இந்த இரண்டு பெயரையும் சொல்லுங்கள். அப்படியும் அசையாவிட்டால் 1994 விக்டோரியா பொதுநலவாய விளையாட்டில் எயார் ரைபிள் இணையர் போட்டியில் தங்கம் வாங்கிய புஷ்பமாலி ராமநாயக்க, மாலினி விக்கிரமசிங்க இருவரையும் சேர்த்துச் சொல்லலாம்.

முதல் நாள்: சுடுவதற்கு முன்

நல்ல பயிற்றுநர் முதல் நாள் உங்களைச் சுட விடமாட்டார், அல்லது கடைசி பத்து நிமிடம்தான் விடுவார். மீதி நேரம் பாதுகாப்பு. துவக்கை எடுத்த கணத்திலிருந்து வைக்கும் கணம் வரை குழலின் வாய் இலக்குப் பக்கமே இருக்க வேண்டும். யாராவது பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்புங்கள். உடம்போடு துவக்கும் திரும்பினால் அன்றைக்கு உங்கள் வேலை முடிந்தது. சுடத் தயாராகும்வரை விரல் விசைக்கு வெளியே. சுடாத நேரம் முழுக்கக் குழலுக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு பாதுகாப்பு நாடா போட்டிருக்க வேண்டும். குழல் முழுதையும் கடந்து இரு பக்கமும் தெரிய வேண்டும். அதைப் பார்த்தாலே உள்ளே ஒன்றுமில்லை என்று தூரத்தில் நிற்பவருக்கும் விளங்கும்.

கட்டளைகள் நான்குதான்: லோட், ஸ்டார்ட், ஸ்டொப், அன்லோட். 'ஸ்டொப்' என்ற சத்தம் யார் வாயிலிருந்து, எந்த மொழியில் வந்தாலும் விரல் வெளியே வர வேண்டும். யாராவது இலக்குப் பக்கம் போயிருக்கும்போது துவக்கைத் தொடவே கூடாது, சைட்டைத் துடைக்கக்கூடக் கூடாது.

அன்றே எந்தக் கண் ஆளும் கண் (மூளை முதலில் நம்பும் கண்) என்று பாருங்கள். இரண்டு கையையும் நீட்டி, பெருவிரல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஓட்டை வைத்து, சுவரில் இருக்கும் மணிக்கூட்டைப் பாருங்கள். ஒன்று மாற்றி ஒன்றாகக் கண்ணை மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது மணிக்கூடு ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆண்டால் இரண்டு வழி: இடத்தோளில் சுடப் பழகுவது, அல்லது சுடாத கண்ணுக்கு மறைப்புப் போடுவது. புதியவர் என்றால் முதலாவதைத்தான் சொல்வேன். பழக்கம் ஒன்றும் இன்னும் ஏறவில்லையே, தோளை மாற்றுவதில் கஷ்டம் இல்லை.

நிற்பது

சர்வீஸ் ரைபிளில் ஆட்களைக் கவிழ்ப்பது 200 யார் நிலைச்சுடுதல்தான். எயார் ரைபிளில் அதைத் தவிர வேறொன்றும் இல்லை, அறுபது தோட்டாவும் நின்றபடியே. அதனால் இந்தப் பகுதியை ஆற அமரப் பார்ப்போம். வலக்கைக்காரருக்குச் சொல்கிறேன், மற்றவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

இலக்குக்குப் பக்கவாட்டாக நில்லுங்கள், இடத்தோள் இலக்குப் பக்கம். பாதங்கள் தோளகலம். இடப்பக்க இடுப்பை இலக்குப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளுங்கள். இப்போது இடது முழங்கையை அந்த இடுப்பெலும்பின் மேலோ விலாவின் மேலோ உட்கார வையுங்கள். துவக்கின் பாரம் முன்கை வழியாக, எலும்பு வழியாக, இடுப்புக்கு இறங்கி, காலுக்குப் போய், தரையில் முடிய வேண்டும். கைத்தசை பாரம் தூக்கினால் இருபதாவது தோட்டாவில் நடுக்கம் தொடங்கும். எலும்பு தூக்கினால் அறுபதாவதிலும் சமாளிக்கலாம். மேலுடம்பு சற்றுப் பின்னால் சாயும். பார்க்கக் கோணலாகத்தான் இருக்கும், அது சரிதான். தலையைத் துவக்குக்குக் கொண்டுபோகாதீர்கள், துவக்கைத் தலைக்குக் கொண்டுவாருங்கள். கழுத்து வளைந்தால் சமநிலை கெடும்.

அப்புறம் இயற்கைக் குறி. இதைத்தான் எல்லோரும் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். நிலை எடுத்து, குறி பார்த்து, கண்ணை மூடுங்கள். இரண்டு மூச்சு விட்டு உடம்பைத் தளர விடுங்கள். கண்ணைத் திறக்கும்போது குறி எங்கே நிற்கிறது? வலப்பக்கம் போயிருந்தால் கையால் இழுத்துக்கொண்டு வராதீர்கள். பின்காலை ஒரு சென்ரிமீற்றர் நகர்த்துங்கள். மறுபடி கண்ணை மூடுங்கள். கண் திறக்கும்போது குறி தானாக நடுவில் நிற்கும்வரை இதுதான் வேலை. கையால் இழுத்து வைத்த குறி, விசை விழுகிற கணத்தில் பழைய இடத்துக்கே ஓடப் பார்க்கும்.

சைட்: 0.2 மில்லிமீற்றரின் கதை

எயார் ரைபிள் இலக்கில் 'பத்து' என்பது நடுவில் இருக்கும் 0.5 மில்லிமீற்றர் வெள்ளைப் புள்ளி. ஒன்பதாம் வளையத்தின் விட்டம் 5.5, முழு இலக்கும் 45.5. ஈயக் குண்டு 4.5 மில்லிமீற்றர் என்பதால் ஓரம் பட்டாலும் பத்துத்தான். கணக்குப் போட்டால் குண்டின் நடு 2.5 மில்லிமீற்றருக்குள் விலகினால் 10.0, 0.25க்குள் என்றால் 10.9. அதற்கு மேல் புள்ளி இல்லை. அறுபதையும் அப்படியே சுட்டால் 654.0, உலக மேடையில் இறுதிச் சுற்றுக்குப் போக 630ஐ ஒட்டி வேண்டும்.

இதைக் கேம்ப் பெரியோடு ஒப்பிடுங்கள். அங்கே 200 யார் இலக்கின் பத்தாம் வளையம் 7 அங்குலம். கோணக் கணக்கில் பார்த்தால் எயார் ரைபிளின் பத்து, ஓரம் படுவதையும் சேர்த்துக்கூட, அதில் பாதிதான். பத்து மீற்றர் என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

பின் சைட்டில் ஒரு துளை, முன் சைட்டில் ஒரு வளையம், அதற்குள் இலக்கின் கறுப்பு. எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று, சுற்றிலும் ஒரே அளவு வெள்ளை. ஆரம்பக்காரரின் கண் கறுப்புக்கு ஓடும், அதைத்தானே அடிக்கப்போகிறோம் என்று. ஆனால் கூர்மையாகத் தெரிய வேண்டியது முன் சைட். கறுப்பு சற்று மங்கினால் பாதகமில்லை. காரணம் இதுதான். துவக்கு முழுதாக 2 மில்லிமீற்றர் பக்கவாட்டில் ஆடினால் குண்டும் 2 மில்லிமீற்றர்தான் விலகும். ஆனால் பின் சைட்டுக்கும் முன் சைட்டுக்கும் இடையிலான ஒழுங்கு தப்பினால் பிழை தூரத்தோடு வளரும். இரண்டுக்கும் இடையே 80 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். முன் சைட் வெறும் 0.2 மில்லிமீற்றர் தப்பினால் பத்து மீற்றரில் 2.5 மில்லிமீற்றர், பத்தின் விளிம்பு. ரி-56இல் சைட் இடைவெளி 38 சென்ரிமீற்றருக்குக் கிட்ட. அதே 0.2 தப்பினால் 300 மீற்றரில் 16 சென்ரிமீற்றர் போய்விடும். சீருடை போட்ட பிறகும் உங்களைக் காப்பாற்றப்போவது இங்கே பழகிய இந்தக் கண்தான்.

கண்ணாடி போடுபவர்கள் கண் வைத்தியரிடம் சுடுதலுக்கு என்று சொல்லியே கேளுங்கள். வாசிக்கிற கண்ணாடியிலும் தூரப் பார்வைக் கண்ணாடியிலும் முன் சைட் கூர்மையாகத் தெரியாமல் போகலாம்.

மூச்சு, விசை, அதற்குப் பிறகு

மூச்சை இழுத்து அடைக்க வேண்டாம். சாதாரணமாக விட்டு, விட்ட இடத்தில் நிறுத்துங்கள். அந்த இடைவெளியில் சுட எட்டுப் பத்து செக்கன் இருக்கிறது. அதற்குள் வராவிட்டால் துவக்கை இறக்குங்கள். கண்ணுக்கும் தசைக்கும் ஒட்சிசன் குறையக் குறைய, படம் நன்றாக இருப்பதாக மூளை பொய் சொல்லும். இறக்கத் தெரிந்தவர்தான் புள்ளி எடுப்பார். புதியவர்கள் இறக்குவதைத் தோல்வியாக நினைத்துக்கொண்டு பன்னிரண்டாவது செக்கனில் விசையைப் பிடுங்குவார்கள். அந்தக் குண்டு ஏழிலோ ஆறிலோ போய் விழும்.

விசையில் இரண்டு கட்டம். முதல் கட்டம் லேசாகப் போய் ஒரு இடத்தில் முட்டும், அங்கே காத்திருங்கள். படம் சரியாகும்போது ஆட்காட்டி விரலின் நுனிச் சதையால், நேராகப் பின்னால், ஒரே சீராக அழுத்தத்தைக் கூட்டுங்கள். மற்ற விரல்கள் இறுகக் கூடாது.

விழுந்தபின் ஒன்றிரண்டு செக்கன் அப்படியே நில்லுங்கள். எயார் ரைபிள் குண்டு செக்கனுக்கு 170 மீற்றர் அளவில்தான் போகும், ரி-56 தோட்டாவோ 700க்கு மேல். அதாவது எயார் ரைபிளில் குண்டு குழலுக்குள் அதிக நேரம் கிடக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் தலையைத் தூக்கினால் அதுவும் கூடவே போகும். படைத் துவக்கு மன்னிக்கிற பிழையை இது மன்னிக்காது.

குண்டு எங்கே போயிருக்கும் என்று திரையைப் பார்க்கும் முன் மனதுக்குள் சொல்லுங்கள்: "மூன்று மணிப் பக்கம், ஒன்பது" (இலக்கை மணிக்கூடாக நினைத்தால் வலப்பக்கம், ஒன்பதாம் வளையம்). பிறகு பாருங்கள். சொன்னதும் விழுந்ததும் ஒத்துப்போகத் தொடங்கினால் நீங்கள் தேறுகிறீர்கள், புள்ளி எவ்வளவாக இருந்தாலும். ஒரு குண்டுக்காகச் சைட்டைத் திருகாதீர்கள். ஐந்து சுட்டு, கூட்டம் எங்கே இருக்கிறது என்று பார்த்து, குண்டு போக வேண்டிய பக்கத்துக்குப் பின் சைட்டை நகர்த்துங்கள்.

ஒரு கொப்பி வாங்குங்கள். திகதி, துவக்கின் இலக்கம், பாதத்தின் நிலை, சைட் எத்தனை கிளிக், அன்றைய உடம்பு நிலை. புள்ளியைக் கடைசியில் எழுதினால் போதும்.

என்ன வாங்குவது, எப்போது

முதலில் தட்டையான அடியுள்ள சப்பாத்து. ஓடுவதற்கான மெத்தைச் சப்பாத்தில் நின்றால் உடம்பு ஆடும். அடுத்தது இடக்கைக்குக் கையுறை. ஆறு மாதம் கழித்தும் ஆசை தணியாவிட்டால் சுடும் ஜக்கெட். இதில்தான் காசு போகும். அளவெடுத்துத் தைத்தது நல்லது. பழையது ஒன்று உங்கள் உடம்புக்குப் பொருந்தினால் அதைவிட நல்லது. துணியின் தடிப்பு 2.5 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது, போட்டியில் கருவி வைத்து அளப்பார்கள். துவக்கு கடைசி. ஃபெயின்வெர்க்பாவ், வால்தர், அன்சூட்ஸ் எல்லாம் பல இலட்சம் ரூபா. விதிப்படி 5.5 கிலோவுக்குள் இருக்க வேண்டும். காற்றுக் குப்பியில் காலாவதித் திகதி அடித்திருக்கும், பழையது வாங்கினால் முதலில் அதைப் பாருங்கள். குப்பி காலாவதி என்றால் விலை பேசவே வேண்டாம்.

கொழும்பின் வெக்கையைப் பற்றி வெளிநாட்டு நூல்கள் எதுவும் சொல்லாது. கன்வஸ் ஜக்கெட்டுக்குள் பத்தாவது நிமிடம் வியர்வை ஊறும். உள்ளே மெல்லிய பருத்தி, இடைவேளையில் ஜக்கெட்டைக் கழற்றி விரித்துப் போட ஒரு கதிரை, முகம் துடைக்கத் துவாய். வீட்டுக்கு வந்ததும் ஜக்கெட்டை மின்விசிறிக்குக் கீழே காயப் போடுங்கள், பையோடு அப்படியே விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். கடற்காற்று வரும் இடத்தில் துவக்கின் இரும்பைச் சுட்டு முடித்த அன்றே எண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும். குண்டு ஈயம் என்பதால் கை கழுவாமல் ரோல்ஸைத் தொடாதீர்கள்.

வீட்டில்

துவக்கு இல்லாமலே நிறையச் செய்யலாம். மேலே சொன்ன நிலையில் வெறுங்கையோடு பத்து நிமிடம் நில்லுங்கள், கண்ணை மூடி. ஒற்றைக்காலில் நின்று பல் துலக்குங்கள். இடுப்பு, முதுகு, வயிற்றுத் தசைகளுக்குப் பயிற்சி. மாலையில் காலிமுகத்திடலில் நடை. தும்புத்தடியைத் தோளில் வைத்து யன்னல் பக்கம் குறி பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். எதிர் மாடி வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

கழகத்தில் நேரம் கிடைத்தால் குண்டு போடாமல், அதற்கென்று இருக்கும் அமைப்பில் விசையை மட்டும் விழுத்திப் பழகுங்கள். குண்டு இல்லாதபோது முன் சைட் துள்ளினால் துள்ளுவது உங்கள் கை.

முதல் போட்டி

ஆறு மாதத்துக்குள் ஒரு போட்டியில் பெயர் கொடுத்துவிடுங்கள். தயாராகட்டும் என்று காத்திருந்தால் காத்திருந்துகொண்டே இருப்பீர்கள். முழு எண் கணக்கில் 600க்கு 500 வந்தால் முதல் தடவைக்கு நல்லது. 450 வந்தாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள், எல்லோரும் அந்த வழியால்தான் வந்தவர்கள்.

காலையில் இடியப்பமும் சொதியும் போதும். கோப்பி குடித்துப் பழகியவர் வழக்கமான அளவைக் குடியுங்கள். பழகாதவர் அன்றைக்குத் தொடங்க வேண்டாம். உபகரணச் சோதனைக்கு நேரத்தோடு போங்கள். தயார்ப்படுத்தவும் பரீட்சார்த்தமாகச் சுடவும் 15 நிமிடம் தருவார்கள், அதில் எத்தனை வேண்டுமானாலும் சுடலாம். பிறகு மின்னணு இலக்கு என்றால் 60 தோட்டாவுக்கு 75 நிமிடம், தோட்டா ஒன்றுக்கு 75 செக்கன். தாள் இலக்கு என்றால் 90 நிமிடம். நேரம் தாராளமாக இருக்கிறது. ஆனால் முதல் போட்டியில் நெஞ்சு அடிக்கிற வேகத்தில் நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டு நிற்பவர்கள்தான் அதிகம். ஒவ்வொரு பத்துக்கும் துவக்கை வைத்துவிட்டு, தண்ணீர் குடித்து, இயற்கைக் குறியை மறுபடி பாருங்கள். பக்கத்துத் திரையைப் பார்க்காதீர்கள். ஒரு மோசமான குண்டுக்கு அடுத்த குண்டுதான் மிக ஆபத்தானது. அதை ஈடுசெய்யப் போய்த்தான் இரண்டாவது ஏழு விழும்.

அங்கிருந்து பெரிய துவக்குக்கு

அடுத்த படி 50 மீற்றர், .22 துவக்கு, மண்டியிட்டும் படுத்தும் நின்றும். லண்டன் 2012 ஒலிம்பிக்கில் மங்கள சமரகோன் இலங்கைக்காகச் சுட்டது இந்த மூன்று நிலைப் போட்டியில்தான். இதில் இரண்டு விடயம் புதிதாக வரும். ஒன்று வார். படுத்த நிலையில் வார் மேற்கையைச் சுற்றி, துவக்கின் பாரத்தைத் தானே தாங்க வேண்டும். நாடி ஓடும் இடத்தில் இறுகினால் முன் சைட் ஒவ்வொரு துடிப்புக்கும் துள்ளும். பட்டியைச் சற்று வெளிப்பக்கம் தள்ளுங்கள். மற்றது காற்று. நேர் பக்கவாட்டுக் காற்று முழுதாகத் தள்ளும், சுடும் கோட்டுக்கு 30 பாகையில் வருவது அதில் பாதி தள்ளும். கொடி எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்தால் போதாது, எப்போது மாறுகிறது என்று பார்க்க வேண்டும்.

தொண்டர் படை வழியாகவோ முழுநேரச் சேவை வழியாகவோ போனவர் சர்வீஸ் ரைபிளைக் கையில் எடுக்கும்போது, உதைப்பும் சத்தமும் விரைவுச் சுடுதலும்தான் புதிது. காதுக் கவசம் போடாமல் ஒரு தோட்டாவும் சுடாதீர்கள். பழையவர்கள் பஞ்சை வைத்துச் சமாளித்த கதையைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, கவசத்தைப் போடுங்கள். உதைப்பை எதிர்பார்த்துக் கண் சிமிட்டுகிறீர்களா என்று கண்டுபிடிக்க, பக்கத்தில் இருப்பவரை மகசினில் நடுநடுவே வெடிக்காத போலித் தோட்டா போட்டுத் தரச் சொல்லுங்கள். போலித் தோட்டாவில் குழல் கீழே குத்தினால் பதில் தெரிந்துவிடும். விரைவுச் சுடுதலில் ஒரு மூச்சுக்கு ஒரு தோட்டா என்று தாளம் பிடியுங்கள். கேம்ப் பெரி முறையில் 60 செக்கனில் பத்துத் தோட்டா, நடுவே ஒரு மகசின் மாற்றமும் உண்டு. நிலை சரியாக அமைந்திருந்தால் உதைத்த துவக்கு தானாகவே இலக்குக்குத் திரும்பி வரும். திரும்பி வராவிட்டால் வேகத்தைக் கூட்டிப் பயனில்லை, எழுந்து பாதத்தை மாற்றுங்கள்.